பல்லுக்கு முதலில் தெரிந்தது: வேலையிடத்து அழுத்தத்தை அடையாளம் காண்பதும் கையாள்வதும்

ஒரு பல் மருத்துவர்தான் எனக்கு முதலில் சொன்னார். கடைவாய்ப் பல் கூசுகிறது, சொத்தையாக இருக்கும் என்று போயிருந்தேன். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர், "சொத்தை எதுவும் இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள். இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கிறது. ஆபீஸ் எப்படிப் போகிறது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல்லைக் காட்ட வந்த இடத்தில் ஆபீஸ் பற்றி என்ன கேள்வி? "நன்றாகத்தான் போகிறது" என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று இரவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாளாகவே தினமும் அப்படி உட்கார்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலையிடத்து அழுத்தம் என்று பேச்செடுத்தாலே மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, விடுமுறை என்று சமாளிக்கும் வழிகளுக்குத் தாவிவிடுகிறோம். அழுத்தத்தை அடையாளம் காண்பது என்ற முந்தைய படியிலேயே பலர் தடுக்கி விழுகிறோம். உடம்புக்கு அது முதலில் தெரிகிறது. பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு, அப்புறம் பக்கத்து இருக்கைக்காரருக்கு. அனுபவிக்கிறவருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

பேச்சில் யாரும் 'எனக்கு மன அழுத்தம்' என்று சொல்வதில்லை. டென்ஷன் என்கிறோம், பிரஷர் என்கிறோம். நெருக்கமானவர்களிடம் என்றால் உடம்பின் பாஷைக்கே போய்விடுகிறோம்: மண்டை காயுது, நெஞ்சு படபடக்குது, வயித்தக் கலக்குது, தொண்டையை அடைக்குது. எழுத்தில் வரும் 'மன அழுத்தம்' என்ற சொல்லில் ஒரு சிக்கலும் உண்டு. ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டுக்கும் பத்திரிகைகள் அதே சொல்லைப் போட்டுவிடுகின்றன. டிப்ரெஷன் என்கிற மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை வேண்டும். அழுத்தம் என்பது, நம்மிடம் கேட்கப்படுவதற்கும் நம்மால் கொடுக்க முடிவதற்கும் நடுவே இடைவெளி விழும்போது உடம்பும் மனமும் காட்டும் எதிர்வினை. அதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் நோயில் போய் முடியலாம். இங்கே நான் பேசுவது அழுத்தத்தைப் பற்றி.

வயிற்றைக் கலக்குவது வெறும் பேச்சுவழக்கும் இல்லை. 1890-களின் கடைசியில் ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த எக்ஸ்-கதிரை வைத்துப் பூனைகளின் செரிமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ இரைப்பையின் அசைவு நின்றுபோனது. அந்தச் சின்னக் கவனிப்பு பிறகு பெரிய விளக்கமாக வளர்ந்தது: ஆபத்து என்று பட்டதும் உடம்பு சண்டை போடவோ ஓடவோ தயாராகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் வயிற்றைவிட்டுத் தசைகளுக்குத் திரும்புகிறது. சாப்பிட்டது அப்புறம் செரித்துக்கொள்ளட்டும் என்று உடம்பே ஒத்திப்போட்டுவிடுகிறது.

இதற்கு அடுத்த பகுதியை 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் எழுதினார். மாண்ட்ரியலில் புது ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்கு விதவிதமான சாறுகளை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எதை ஏற்றினாலும் அதே மூன்று மாற்றங்கள்தான் வந்தன. அட்ரினலினைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், ஓயாமல் ஓடவிட்டாலும் அதேதான். அடி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. அவர் தேடிய ஹார்மோன் கிடைக்கவில்லை. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் கிடைத்தது.

இந்த ஏற்பாடு சில நிமிடங்களுக்கானது. பாம்பைக் கண்டால் துள்ளிக் குதிக்கிறோம். அது புதருக்குள் போனதும் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடுகிறது. 'நாளைக் காலை உங்களிடம் பேச வேண்டும்' என்று மேலாளர் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பும் ஒற்றை வரி எந்தப் புதருக்குள்ளும் போவதில்லை. அது நம்மோடு படுக்கைக்கு வருகிறது. காலையில் உயர்ந்து இரவில் தணிய வேண்டிய கார்டிசால் ஹார்மோனின் ஒழுங்கு, இப்படி மாதக்கணக்கில் போனால் குலைகிறது. தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, நோய் எதிர்ப்பு எல்லாம் அதனோடு சேர்ந்து ஆடிப்போகின்றன. இப்படிச் சேரும் பாதிப்புக்கு புரூஸ் மெக்கெவன், எலியட் ஸ்டெல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதற்குத் தேய்மானம் என்ற சொல்லே போதும். என் பல்லுக்கு நடந்ததும் அதுதான்.

கெடு நெருங்கும்போது வரும் ஒரு பரபரப்பு வேலைக்கு உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. முடிவு தெரிகிற ஓட்டத்தில் களைப்பும் இனிக்கும். ஓட்டம் முடிந்த பிறகும் உடம்பு நிற்க மாட்டேன் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். வேலையில் அப்படி ஒரு சுத்தம். அவர் பார்த்து அனுப்பிய கணக்கை யாரும் மறுமுறை சரிபார்த்ததில்லை. ஒரு வருடத்தில் அவரிடம் வந்த மாற்றங்களை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சீக்கிரம் வரத் தொடங்கினார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் திரைப் பக்கம் போகும். அனுப்பிவிட்ட மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். பிழை வந்திருந்தால் யாராவது கேட்டிருப்போம். பிழையே வரவில்லை. அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். ஒரு நாள் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, கசங்கிய தாளை உருவி எடுத்து, அதைக் கையில் பிடித்தபடி நின்றார். தாள் நடுங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கப் போனேன். தாளை விட அவருக்கு மனசு வரவில்லை.

அன்று முதல் நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒருவரை அவருடைய பழைய இயல்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது. எப்போதும் அமைதியாக இருப்பவர் அமைதியாக இருந்தால் அதில் ஒன்றுமில்லை. வாய் ஓயாதவர் அமைதியானால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒழுங்கானவர் அசிரத்தையாவதும் அடையாளம்தான், ஒழுங்கானவர் இன்னும் ஒழுங்காகி ஒன்றை ஐந்து முறை சரிபார்ப்பதும் அடையாளம்தான். இரண்டாவது ரகம்தான் தப்பிவிடுகிறது, ஏனென்றால் அதற்குப் பாராட்டு வேறு கிடைக்கிறது.

நம்மை நாமே பார்த்துக்கொள்வதற்கும் இதே அளவுகோல்தான். நான்கு வரி மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறாமல் போவது. இரண்டு நிமிடத்தில் எடுக்கிற முடிவை இரண்டு நாள் தள்ளிப்போடுவது. ஆபீசில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வீட்டில் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்திய குழந்தையிடம் எரிந்து விழுவது. படுத்ததும் தூங்கிவிட்டு, மூன்று மணிக்கு விழித்து, விழித்த அடுத்த நொடியே வேலைக் கணக்கு ஓடுவது. லீவு எடுத்த முதல் நாளே தலைவலியோ ஜலதோஷமோ வருவது. வார விடுமுறையின் கடைசி மாலையில், இன்னும் வேலைநாள் தொடங்காதபோதே, நெஞ்சில் ஒரு பாரம் ஏறுவது. காபியோ சிகரெட்டோ மதுவோ, எதைத் தொடுகிறோமோ அதன் எண்ணிக்கை கூடுவது. கழுத்தும் தாடையும் எப்போதும் இறுகியிருப்பது. இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாயை மூடியிருந்தாலும் அவை தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை.

இவற்றில் ஒன்று இரண்டு யாருக்கும் வரும், போகும். பல சேர்ந்து வந்து, வாரக்கணக்கில் தங்கினால் கவனிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை வழியாகப் பரவும் வலி எதையும் 'டென்ஷன்தான்' என்று நாமே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூடப் படபடப்பையும் களைப்பையும் கொடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடுகிற விஷயத்துக்கு மாதக்கணக்கில் தியானம் செய்துகொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அழுத்தம் யாருக்கு அதிகம் என்று கேட்டால், பொறுப்பு அதிகமுள்ள பெரிய பதவிக்காரருக்குத்தான் என்று பலரும் சொல்வோம். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து நடந்த வைட்ஹால் ஆய்வுகள் இந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கின. 1967-ல் தொடங்கிய முதல் ஆய்வில் சுமார் 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மிகக் கீழ்நிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த நிர்வாகிகளைவிட மூன்று மடங்காக இருந்தது. எல்லாரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள், யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆயுளும் இறங்கியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும் இடைவெளியில் ஒரு பகுதிதான் விளங்கியது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, பெண்களையும் சேர்த்து 10,308 பேரை எடுத்துக்கொண்டது. மீதி இடைவெளியை விளக்குவதில் அதில் முக்கியமாகத் தெரிந்த ஒன்று, தன் வேலையில் தன் சொல் எவ்வளவு செல்லும் என்பது. எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது கொஞ்சம் நிறுத்துவது என்று முடிவெடுக்கும் உரிமை குறையக் குறைய இதய நோயின் ஆபத்து கூடியது.

ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் 1979-லேயே இதை ஒரு கோட்பாட்டு மாதிரியாக வரைந்து காட்டியிருந்தார். வேலைப் பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. பளு அதிகம், பிடி குறைவு என்ற கூட்டுதான் உடைக்கிறது. தலைக்கு மேல் வேலை இருந்தும் உற்சாகமாக இருப்பவர்களைப் பார்த்திருப்போம், அவர்கள் கையில் கடிவாளம் இருக்கும். 1996-ல் யோஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற இன்னொரு ஆய்வாளர் வேறொரு பக்கத்தைச் சேர்த்தார்: போடுகிற உழைப்புக்கும் திரும்பக் கிடைப்பதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. சம்பளத்தோடு மரியாதையும் பாதுகாப்பும் அதில் சேர்த்தி. 'இவ்வளவு செய்தும் ஒரு வார்த்தை சொல்லலையே' என்ற ஆற்றாமைக்கு இதய நோயோடு தொடர்பு இருக்கிறது.

நேரத்தின் கணக்கும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணிப்பின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் இப்படி நேர்ந்த இறப்புகள் 7,45,000. ஜப்பானில் இதற்கு 'கரோஷி' என்று சொல்லே இருக்கிறது, அதிக வேலையால் வரும் சாவு. அங்கே முதல் நிகழ்வாகச் சொல்லப்படுவது 1969-ல், ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் வேலை பார்த்த 29 வயது இளைஞரின் மரணம். அதைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டம் வந்தது 2014-ல். 45 ஆண்டுகள்!

பர்ன்அவுட் என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிகழ்வாகத்தான் குறித்திருக்கிறார்கள். அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பாவது, முன்போல் செய்ய முடியவில்லை என்று ஆவது. சும்மா களைத்தவர் இரண்டு நாள் தூங்கினால் எழுந்துவிடுவார். இந்த நிலைக்கு வந்தவர் ஒரு வாரம் தூங்கி எழுந்தாலும் அதே பாரத்தோடு எழுவார். வேறுபாட்டைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்.

இனி என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். பல் மருத்துவரைப் பார்த்த பிறகு இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் குறித்தேன். தாடை இறுகும்போதெல்லாம் மணி என்ன, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி. வேலை அதிகம் என்றுதான் அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது. வேலை குவிந்த நாட்களில் குறிப்பு அதிகம் இல்லை. இரண்டு மேலாளர்கள் ஒரே வேலைக்கு வேறுவேறு திசை காட்டிய நாட்களில்தான் பக்கம் நிறைந்திருந்தது. என் முடிச்சு பளுவில் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது என்பதில் இருந்தது.

முடிச்சு எங்கே என்று தெரியாமல் எதை அவிழ்ப்பது? ஒருவருக்குப் பளு, இன்னொருவருக்கு அவமதிக்கும் பேச்சு, வேறொருவருக்கு நாளை வேலை இருக்குமா என்ற பயம். மூன்று பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால் யாருக்கும் கேட்காது.

தெரிந்த பிறகு பேச வேண்டும். 'ரொம்ப வேலையாக இருக்கிறது' என்றால் 'எல்லாருக்கும்தான்' என்று பதில் வந்துவிடும். அதற்குப் பதில், "இந்த மூன்றும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று இருக்கிறது. என்னால் இரண்டை ஒழுங்காக முடிக்க முடியும். எந்த இரண்டு முதலில் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். பேசியதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. என் விஷயத்தில், இரண்டு மேலாளர்களும் சேர்ந்து வாரத்துக்கு ஒரே பட்டியல் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். முதல் முறை சிரித்துவிட்டார்கள். இரண்டாம் முறை பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் முறை நோட்டைக் கொண்டுபோய், முரண்பட்ட உத்தரவுகளால் திரும்பச் செய்ய நேர்ந்த வேலைகளைக் காட்டினேன். அதன் பிறகுதான் பட்டியல் வந்தது.

எல்லா இடத்திலும் இப்படி வாய் திறக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கேட்டால் வேலையே போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்குத் 'துணிந்து பேசுங்கள்' என்று புத்தி சொல்வது அநியாயம். அப்படிப்பட்ட இடத்தில் தனியாகப் போகாமல் நான்கு பேராகப் போவது, தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போவது, ஓசைப்படாமல் வேறு வேலை தேடத் தொடங்குவது எல்லாமே சமாளிக்கும் வழிகள்தான்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வாசல் வேண்டும். உடம்பு ஆபீசை விட்டு வந்தாலும் மனம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது ஓய்வாகாது. நாள் முடிவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாளை செய்ய வேண்டியதை எழுதிவைத்துவிட்டு எழுந்தால் மனம் அதைச் சுமந்துகொண்டு அலைவது குறைகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம் எழுத வைத்தார்கள். பாதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள், மீதிப் பேர் இனி செய்ய வேண்டியவற்றை. இரண்டாவது குழுவினர் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத இன்னும் சீக்கிரம். மாத்திரை இல்லாமல் 9 நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

போனையும் அந்த வாசலுக்கு வெளியே விட முடிந்தால் நல்லது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பு துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மூச்சுப் பயிற்சிக்கும் ஓர் இடம் உண்டு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது. கடினமான ஒரு கூட்டத்துக்குள் நுழையும் முன் இது கைகொடுக்கும். ஆனால் இது வலி நிவாரணி. காலில் தைத்த முள்ளை எடுக்காது.

முள்ளை எடுக்க வேண்டியது வேலையை வகுத்துக் கொடுக்கிறவர்கள். பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு, அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆறு விஷயங்களை வைத்திருக்கிறது: வேலைப் பளு, கையில் இருக்கும் பிடி, ஆதரவு, சக ஊழியர் உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். ஆறில் ஒன்றுகூட ஊழியரின் மனவலிமையைப் பற்றியது இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

அந்த அக்காவிடம் பிரிண்டர் நாளுக்கு மறுநாள் பேசினேன். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். அதனால், "கொஞ்ச நாளா எங்ககூட சாப்பிட வர்றதில்ல, ஆறு மணிக்கு மேல தினமும் இருக்கீங்க. எனக்குக் கவலையா இருக்கு" என்று பார்த்ததை மட்டும் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாசக் கடைசி கணக்குக்கு ஒரு ஆள் கூடக் கொடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் தியான வகுப்புல பேர் சேத்துவிட்டாங்க." எதையும் சரிசெய்து தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, காரணமில்லாமல் அழுகை வருவது என்றால் அது அழுத்தத்தைத் தாண்டிவிட்டது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம், வேலை முடிந்ததும் என்று தள்ளக் கூடாது.

அக்கா இரண்டு மாதம் விடுப்பில் இருந்தார். திரும்பி வருகிறவரைப் பழைய குவியலிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தால் விடுப்பு எடுத்ததற்கே பயனில்லை. மருத்துவர் அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார், நிர்வாகமும் இந்த முறை கேட்டுக்கொண்டது. முதல் மூன்று வாரம் அரை நாள் வேலை. மாதக் கடைசிக் கணக்கு இரண்டு பேருக்குப் பிரிக்கப்பட்டது. அந்த மாதத்தின் கடைசி நாள் மாலை ஆறு மணிக்குத் தன் பாதியை முடித்து, மறுநாளுக்கானதை ஒரு தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்தார். கணினியை அணைத்தார். "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.